காதடியில் ஒரு கட்டி

அத்தியாயம் பதினொன்று

மலருக்கு அன்று கீழே போகிற முறையே இல்லை.

ஊசி கிளினிக்குக்கு வழக்கமாகப் போகிற பெண் லீவு எடுத்துவிட்டாள். அதனால், மாடியில் ஸ்லைடு பார்த்துக்கொண்டிருந்த மலரை டாக்டர் ஹனீன் கையோடு அழைத்துக்கொண்டார். கோலாலம்பூரின் அந்தப் பெரிய மருத்துவமனையில் மலருக்கு இருபத்திரண்டு வருஷச் சேவை. கட்டி என்று வருகிறவர்களுக்கு டாக்டர் மெல்லிய ஊசி குத்தி ஒரு சொட்டு எடுத்துக் கொடுப்பார். அதைக் கண்ணாடி ஸ்லைடில் தடவி, சாயம் ஏற்றி, செல்கள் போதுமான அளவுக்கு வந்திருக்கின்றனவா என்று அந்த இடத்திலேயே பார்த்துச் சொல்வது அவள் வேலை. நல்ல கட்டியா கெட்ட கட்டியா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

சொல்லத்தான் உரிமை இல்லை. இருபத்திரண்டு வருஷம் பார்த்த கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுமா?

மூன்று பேருக்கு முடிந்தது. நான்காவது படிவத்தை எடுத்தபோது கை அப்படியே நின்றது.

சீதாலெட்சுமி ஏ/பி பக்கிரிசாமி. வயது ஐம்பத்து நான்கு. பண்டமாரான், கிள்ளான்.

ஏ/பி என்றால் இன்னாரின் மகள். பக்கிரிசாமி என்பது மலருடைய மாமனாரின் பெயர். சீதாலெட்சுமி அவள் கணவன் சுகுமாறனின் அக்கா, மலருக்கு அண்ணி. இதே பெயரில், இதே வயதில், பண்டமாரானில் இன்னொருத்தி இருக்க முடியாது.

'வலது காதடியில் கட்டி. எட்டு மாதமாக மெல்ல வளர்கிறது. அவ்வப்போது வலி' என்று கிள்ளானின் காது மூக்கு தொண்டை டாக்டர் எழுதியிருந்தார்.

எட்டு மாதமாகவா?

அண்ணியின் மகள் ஷாமினிக்குப் பரிசம் போட்ட நாளை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பலகாரத் தட்டோடு பந்தியில் இறங்கிய மலரை எல்லார் முன்னாலும் நிறுத்தி, "நீ பரிமாற வேணாம் மலரு. கண்டவங்க சீழையும் ரத்தத்தையும் தொட்டுட்டு வர்ற கை" என்று தட்டைப் பிடுங்கிக்கொண்டவள் சீதாலெட்சுமி. அதற்குப் பிறகு மூன்று மாதமாக இருவருக்கும் பேச்சு இல்லை. அந்தக் கோபத்தில் மலர் ஒன்றை யோசிக்கவே இல்லை. எப்போதும் இறுக்கிக் கொண்டை போடுகிற அண்ணி, அன்றைக்கு மட்டும் ஏன் முடியை வலது பக்கமாகத் தழையவிட்டிருந்தாள்?

கதவு திறந்தது.

"நீயா?" சீதாலெட்சுமி வாசலிலேயே நின்றுவிட்டாள். "நீ மேல ரத்தம் பாக்குற எடத்துலதானே இருக்கே?"

"இன்னிக்கு இங்க ஆள் இல்ல அண்ணி."

டாக்டர் ஹனீன் இருவரையும் பார்த்தார். "மலரக்கா, தெரிஞ்சவங்களா?"

"என் வீட்டுக்காரரோட சொந்த அக்கா, டாக்டர்."

"அப்படின்னா வேற ஆளைக் கூப்பிடுறேன். ஆன்டி, ஒரு முக்கால் மணி நேரம் வெயிட் பண்ண முடியுமா?"

"முடியாது டாக்டர். ரெண்டு மணிக்கு நான் வீட்டுல இருக்கணும். பாசாருக்குக் காய் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்." சீதாலெட்சுமி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். பிறகு மலரின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "தம்பிக்குத் தெரியக் கூடாது. எங்க வீட்டுக்காரருக்கும் தெரியக் கூடாது. போன வருஷம்தான் நெஞ்சுல குழாய் வச்சிருக்கு, தாங்க மாட்டாரு. ஷாமினிகிட்ட மூச்சே விடக் கூடாது. கல்யாணத்துக்குப் பத்தொம்பது நாள்தான் இருக்கு. சத்தியம் பண்ணு."

"இங்க நடக்கறத வெளிய சொல்ல எனக்கு உரிமையே இல்ல அண்ணி. சத்தியமெல்லாம் வேணாம். படுங்க."

கட்டிலில் படுத்ததும் முடியை ஒதுக்கினாள். காது மடலுக்குக் கீழே, தாடை திரும்புகிற இடத்தில், தோலுக்கு அடியில் பாக்குக் கொட்டை அளவில் அது மேடு தட்டி நின்றது. டாக்டர் இரண்டு விரலால் அதை அசைத்துப் பார்த்தார். நல்ல கட்டி என்றால் விரலுக்கு நழுவும்; அது அவ்வளவாக அசையவில்லை. மலர் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"மரப்பு ஊசி போட மாட்டீங்களா?"

"தேவைப்படாது ஆன்டி. ரத்தம் எடுக்கற ஊசியவிடச் சின்னது இது. இது எச்சில் சுரக்கற சுரப்பி. அதனால எச்சில் முழுங்காம, பேசாம அப்படியே இருங்க."

ஊசி இறங்கியபோது சீதாலெட்சுமியின் கை காற்றில் துழாவி, மலரின் வெள்ளைக் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டது. எதைப் பிடித்தோம் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. பிடி விடவில்லை. ஊசி உள்ளேயே இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் போய் வந்தது.

முதல் சொட்டு ஸ்லைடில் விழுந்தது. மேலே இன்னொரு ஸ்லைடை வைத்து, பூ மாதிரி இழுத்தாள் மலர். சரியாக வந்தது. இரண்டாவது சொட்டுக்கு அவள் விரல் நடுங்கியது. நடுக்கத்தை அடக்கப் போய் அழுத்திவிட்டாள். கண்ணாடிக்குக் கண்ணாடி 'கிரீச்' என்றது. செல்கள் நசுங்கிப்போயிருக்கும் என்று அவளுக்கு அப்போதே தெரிந்தது.

இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி ஆனதில்லை.

முதல் ஸ்லைடைச் சாயத்தில் முக்கி எடுத்து, தண்ணீரில் அலசி, ஈரத்தோடு மைக்ராஸ்கோப்பில் வைத்துக் குனிந்தாள்.

இந்தச் சுரப்பியில் பெரும்பாலும் வருவது நல்ல கட்டி. அதில் ஊதா கலந்த சிவப்பில் ஒரு பசை தெரியும். அது நார் நாராகப் பிரிந்து, ஓரத்தில் பிய்ந்து, செல்களோடு குழம்பிக் கிடக்கும். அந்த நாரைத்தான் அவள் தேடினாள். ஊதாச் சிவப்பு இருந்தது. ஓரிடத்தில் நார் போலவும் தெரிந்தது. உயிர் வந்தது. ஸ்லைடை இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள்.

வேக வைத்த ஜவ்வரிசி போல மூன்று நான்கு உருண்டைகள். ஒவ்வொன்றின் ஓரமும் வெட்டி எடுத்தாற்போல் சுத்தமாக இருந்தது. அவற்றைச் சுற்றிக் கருத்த சின்னச் சின்னச் செல்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

இந்த உருண்டைகளை அவள் இதற்கு முன்பும் பார்த்திருக்கிறாள்.

"மலரக்கா, போதுமா?"

"கொஞ்சம்தான் வந்திருக்கு டாக்டர்." மலர் மைக்ராஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்தாள். "இன்னொரு தடவை எடுத்தா நல்லது."

சீதாலெட்சுமி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "என்ன பாத்தே?"

"செல் போதலன்னு பாத்தேன் அண்ணி."

"பொய் சொல்றே. உன் மொகம் வெளிறிப் போயிருக்கு."

டாக்டர் ஹனீன் குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் தெரியாதபடி வைத்துக்கொள்ளப் பழகிய முகம் அது. "ஆன்டி, இத வச்சு இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது. இன்னொரு தடவை குத்திக்கலாம். ரெண்டு நிமிஷம்தான்."

"வேணாம் டாக்டர்." சீதாலெட்சுமி காலை இறக்கி செருப்பைத் தேடினாள். "கிள்ளான் டாக்டர் எல்லாம் சொல்லிட்டாரு. மொகத்த அசைக்கிற நரம்பு இந்தச் சுரப்பிக்குள்ளதான் ஓடுதாம். ஆபரேஷன் பண்ணா வாய் கோணிப் போனாலும் போகலாமாம். எம் பொண்ணு மணவறையில இருக்கறப்ப கோணவாயோட நான் பக்கத்துல நிக்கணுமா? கல்யாணம் முடியட்டும். அப்புறம் குத்துங்க, அறுங்க, என்னமோ பண்ணுங்க."

"ஆபரேஷன் இல்ல ஆன்டி, வெறும் ஊசிதான்..."

"ஊசியில என்ன வந்தாலும் அடுத்தது கத்திதானே?"

காதடியில் ஒட்டிய பஞ்சின் மேல் முடியை இழுத்து விட்டுக்கொண்டு அவள் போய்விட்டாள்.

மதியச் சாப்பாட்டு டப்பாவை மலர் திறக்கவில்லை. மூன்று மணிக்கு டாக்டர் ஹனீன் தம் அறைக்குக் கூப்பிட்டார்.

"மலரக்கா, இந்தக் கேஸை இனிமே நீங்க தொடக் கூடாது. உங்களுக்கே தெரியும்."

"தெரியும் டாக்டர்." நின்றுகொண்டே சொன்னாள். "அந்த ரெண்டாவது ஸ்லைடு... கை நடுங்கிருச்சு. நான்தான் அழுத்திட்டேன்."

"பாத்தேன். அதுலதான் நெறைய செல் இருந்திருக்கு. எல்லாம் நசுங்கிப் போச்சு." கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் மலருக்கு இன்னும் வலித்தது. "காலையிலயே வேற ஆளைக் கூப்பிடாதது என் தப்பு. இப்ப இருக்கறத வச்சு நல்லதுன்னும் எழுத முடியல, கெட்டதுன்னும் எழுத முடியல. நார் மாதிரியும் இருக்கு, உருண்டையாவும் இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல நிக்குது. இன்னொரு ஊசி வேணும், இந்தத் தடவை ஸ்கேன்ல பாத்துக் குத்தணும். இந்த வாரமே."

"வர மாட்டாங்க டாக்டர்."

"கவுண்டர்லேருந்து ரெண்டு தடவை போன் பண்ணிட்டாங்க, எடுக்கல. நீங்க சொந்தக்காரங்க. அவங்ககிட்ட மட்டும், தனியா, 'மறுபடி வாங்க'ன்னு சொல்லலாம். ஸ்லைடுல என்ன பாத்தீங்கன்னு அவங்ககிட்டயும் சொல்லக் கூடாது. வேற யாருக்கும் ஒரு வார்த்தை போகக் கூடாது. சரியா?"

மலர் தலையாட்டினாள்.

கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் கிள்ளான் போகிற கொம்யூட்டர் ரயிலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தபோது மழை பிடித்துக்கொண்டது.

நல்ல கட்டியாக இருந்தால் அறுத்து எடுப்பதோடு தீர்ந்தது. கெட்டதாக இருந்தால் அது அவசரப்படாது. மெல்ல வளரும். நரம்பைப் பிடித்துக்கொண்டு அதன் வழியாகவே ஊர்ந்து போகும். எடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும்போது, பல வருஷம் கழித்து நுரையீரலில் வந்து நிற்கும். காஜாங்கிலிருந்து வந்த ஓர் ஆசிரியையின் ஸ்லைடுகளை ஒன்பது வருஷத்தில் மூன்று முறை பார்த்தவள் அவள். முதலில் கன்னம், பிறகு கழுத்து, கடைசியில் நெஞ்சு. அந்த அம்மாளின் முகத்தை ஒரு முறைகூட மலர் பார்த்ததில்லை. உருண்டைகளைத்தான் பார்த்தாள். இன்றைக்கு அந்த உருண்டைகளுக்கு அண்ணியின் முகம் வந்துவிட்டது.

அவள் கை தானாகவே தன் காதடிக்குப் போய்த் தடவிப் பார்த்தது. எதிரே உட்கார்ந்திருந்த பெண் பார்க்கிறாள் என்று கையை இறக்கினாள்.

ஷா ஆலம் தாண்டியதும் சுகுமாறன் கூப்பிட்டான்.

"எங்க இருக்கே? இன்னும் வீட்டுக்கு வரலயா?"

"அண்ணி வீட்டுக்குப் போய்க்கிட்டிருக்கேங்க."

"யாரு, நீயா? அக்கா வீட்டுக்கா?" அவன் சிரித்தேவிட்டான். "என்னடி ஆச்சு?"

"கல்யாணக் கூரைப் புடவை வந்திருக்குன்னு ஷாமினி மெசேஜ் போட்டிருக்கா. பாத்துட்டு வரேன்."

கல்யாணமாகி பத்தொன்பது வருஷத்தில் அவனிடம் இவ்வளவு சுலபமாக அவள் பொய் சொன்னதில்லை. நாளைக்கு ஏதாவது ஆனால், 'உனக்கு முன்னாடியே தெரியுமா?' என்று இவனே கேட்பான். என்ன சொல்வது?

பண்டமாரான் வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. கிராப் வாடகைக் காரிலிருந்து இறங்கி ஓடி வந்ததில் மலர் பாதி நனைந்திருந்தாள்.

"அத்தை!" ஷாமினி ஓடி வந்து கட்டிக்கொண்டாள். ஷா ஆலம் தொழிற்சாலையில் இன்ஜினியர். ஆனால் இன்றைக்கு வளையல் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சிறு பிள்ளை மாதிரி குதித்தாள். "வரவே மாட்டீங்கன்னு நெனச்சேன் லா! புடவை சிவப்பு இல்ல அத்தை, மெரூன். வந்து பாருங்க."

நாற்காலியில் உட்கார்ந்திருந்த ரெங்கசாமி, அண்ணியின் கணவர், எழுந்திருக்கப் பார்த்தார். "உக்காருங்கண்ணே" என்று தடுத்தாள். நெஞ்சில் குழாய் வைத்த பிறகு மனிதர் பாதியாகியிருந்தார். "நீ வந்தது சந்தோஷம்மா" என்றார். "உங்க அண்ணிக்கு இப்ப எதெடுத்தாலும் அழுகைதான். பொண்ணப் பிரியணும்ல? பாரு, இப்பக்கூட."

சமையலறை வாசலில் நின்ற சீதாலெட்சுமி முந்தானையால் வலது கண்ணை ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"அழாதம்மா" என்றாள் ஷாமினி.

"யாரு அழறா? சும்மா தண்ணியா வருது." சொல்லிவிட்டு மலரைப் பார்த்தாள். 'சொல்ல வந்திருக்கிறாயா?' என்று கேட்கிற பார்வை. மலர் இல்லை என்று தலையை லேசாக அசைத்தாள்.

மாப்பிள்ளை வீட்டு உறவுக்காரப் பெண்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். புடவையைத் தாம்பாளத்தில் வைத்து, குங்குமம் இட்டு, சாமி மாடத்துக்கு முன்னால் வைத்தார்கள். ரெங்கசாமி கற்பூரத்தை ஏற்றினார்.

"எல்லாரும் நல்லா வேண்டிக்குங்க" என்றார்.

ஷாமினி கைகூப்பிக் கண்களை மூடினாள். எல்லாரும் மூடினார்கள். மலரால் மூட முடியவில்லை. மூடினால் அந்த உருண்டைகள் வந்தன. திறந்த கண்ணோடு, கற்பூர வெளிச்சத்துக்கு அந்தப் பக்கம் நின்ற அண்ணியைப் பார்த்தாள். உதடு முணுமுணுத்துக்கொண்டிருந்தது. இடது கண் இறுக மூடியிருந்தது.

வலது கண்ணில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது.

வெளிச்சம் ஆடுவதால் அப்படித் தெரிகிறதோ என்று ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்தாள். கோடு அங்கேயே இருந்தது.

ஆரத்தியைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக்கூட மறந்துவிட்டாள் மலர். வந்தவர்கள் பலகாரத்துக்கு உட்கார்ந்ததும் அண்ணியின் கையைப் பிடித்துப் படுக்கையறைக்கு இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"என்ன மலரு? ரிசல்ட் வந்துருச்சா?"

"இல்ல அண்ணி. இன்னொரு ஊசி வேணும்னு டாக்டர் சொன்னாங்க. அதச் சொல்லத்தான் வந்தேன்." மலர் விளக்கைப் போட்டாள். "இப்ப ஒரு நிமிஷம் கண்ண மூடுங்க."

"எதுக்கு?"

"மூடுங்களேன்."

சீதாலெட்சுமி மூடினாள். இடது இமை முழுதாக இறங்கியது. வலது இமை பாதி வழியில் நின்றுவிட்டது. அதற்குக் கீழே விழி மேல்நோக்கி உருண்டு வெறும் வெள்ளையாகத் தெரிந்தது.

"நல்லா இறுக்கி மூடுங்க அண்ணி."

"மூடித்தானே இருக்கேன்?"

அண்ணி கண்ணைத் திறந்தாள். மலரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அலமாரிக் கண்ணாடிக்கு முன் போய் நின்று மறுபடி மூடினாள். மூடாத கண் கண்ணாடியில் தன்னைத்தானே பார்த்தது.

"ஒரு வாரமா குளிக்கிறப்ப சவர்க்கார நுரை கண்ணுல போய் எரியுது" என்றாள். "தூக்கம் பத்தலன்னு நெனச்சேன்." விரலால் வலது இமையை இழுத்து மூடினாள். விரலை எடுத்ததும் அது மெல்லத் திறந்துகொண்டது. "அந்த நரம்பா?"

"டாக்டர் பாத்துத்தான் சொல்லணும் அண்ணி."

"நீ என்ன நெனக்கிறே? டாக்டர விடு."

"நரம்புதான்னு நெனக்கிறேன்."

"கத்தியே படலயே மலரு. மொகம் கோணக் கூடாதுன்னுதானே ஓடி வந்தேன்." இப்போது அவள் அழுதாள், இரண்டு கண்ணிலும். "பத்தொம்பது நாள் அது எனக்குக் குடுக்காதா?"

கொடுக்குமா என்பது மலருக்குத் தெரியாது. ஒரு வாரத்தில் கண்வரைக்கும் வந்ததற்கு, வாய்க்கு வர எத்தனை நாள் ஆகும்? நசுங்கிப்போன ஸ்லைடு நினைவுக்கு வந்தது. "காலையில என் கை நடுங்கிருச்சு அண்ணி. அதனாலதான் மறுபடியும் குத்தணும். என்னை மன்னிச்சிருங்க."

சீதாலெட்சுமி அதைக் காதில் வாங்கினாளோ இல்லையோ. முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து மடியில் கையைக் கோத்துக்கொண்டாள்.

"நாளைக்குக் காலையில வரேன்னு டாக்டர்கிட்ட சொல்லு. எத்தன ஊசின்னாலும் குத்தட்டும்."

"சொல்றேன் அண்ணி. இப்பவே மெசேஜ் போடுறேன்."

"அப்புறம்..." அவள் கதவைப் பார்த்தாள். வெளியே ஷாமினி புடவையைத் தோளில் போட்டுப் பார்க்கிறாள் போல. பெண்கள் கலகலவென்று சிரித்தார்கள். "ஷாமினியக் கூப்புடு."

"அண்ணி, இன்னிக்கே வேணாம். வந்தவங்க போகட்டும்."

"அவ எம் மொகத்தப் பாத்துத் தானா கண்டுபுடிக்கக் கூடாது மலரு. நாந்தான் சொல்லணும். அவளே கல்யாணத்த நிறுத்துன்னு சொன்னா நிறுத்துறேன். கூப்புடு."

மலர் போய்க் கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தாள். வெளியே, "அத்தை எங்க? அத்தை போட்டோ எடுக்க வாங்க!" என்று ஷாமினி கூப்பிடுவது கேட்டது. தாழ்ப்பாள் கைக்குள் சில்லென்று இருந்தது. அதைத் திறக்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

"கூப்புடுன்னேன்ல?" என்றாள் சீதாலெட்சுமி.